மரத்தை எப்போது வெட்டுவது? காட்டுப் பொருளியலின் வரலாறு

நட்ட மரத்தை எந்த வயதில் வெட்டுவது என்பதே காட்டுப் பொருளியலின் மையக் கேள்வி. நடுவதற்கும் வெட்டுவதற்கும் இடைப்பட்ட காலம் வெட்டுச் சுழற்சி எனப்படும். நெல்லில் இந்தச் சிக்கல் இல்லை, கதிர் முற்றினால் அறுத்தாக வேண்டும். மரமோ காத்திருக்கும், ஆண்டுதோறும் பருக்கும். அந்தக் காத்திருப்பின் விலை பற்றிய விவாதம் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கூர்மை பெற்றது. இன்று காட்டில் சேரும் கார்பனுக்கு விலை வைப்போரும் அதே கணக்கைத்தான் கையில் எடுக்கின்றனர்.

சாக்சனியின் ஃபிரைபெர்க் வெள்ளிச் சுரங்கங்களும் உலைகளும் ஏராளமான விறகையும் மரக்கரியையும் விழுங்கின. அங்கு சுரங்க நிர்வாகியாக இருந்த ஹன்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், 1713இல் வெளியிட்ட நூலில், காடு தொடர்ந்து பயன் தரும் வகையில் மட்டுமே மரம் எடுக்க வேண்டும் என்றார். அவரை உந்தியது இயற்கைப் பற்று என்பதைவிட உலை அணைந்துவிடுமோ என்ற அச்சம் எனலாம். இவ்வாறு வளர்ந்த ஜெர்மானிய வனவியல் இந்தியாவுக்கும் வந்தது. 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளரான டீட்ரிக் பிராண்டிஸ் ஜெர்மானியரே.

ஃபாஸ்ட்மானின் கணக்கு

வளர்ச்சிக்கு ஏற்ப வெட்டினால் காடு அழியாது. ஆனால் எந்த வயதில் வெட்டினால் இலாபம் என்பதை அது சொல்லாது. 1849இல் 27 வயது வனவியலாளர் மார்ட்டின் ஃபாஸ்ட்மான், மரமற்ற வெறும் காட்டு நிலத்தின் பண மதிப்பைக் காணும் முறையை வனவியல் இதழொன்றில் எழுதினார். ஒரு முறை நட்டு வெட்டுவதோடு அவர் கணக்கை நிறுத்தவில்லை. அதே நிலத்தில் முடிவின்றி நட்டு வெட்டுவதாகக் கொண்டு, எல்லா வருவாயையும் செலவையும் வட்டி கழித்து இன்றைய மதிப்பாக்கினார்.

இதன் உட்பொருள் எளிது. நிற்கும் மரம் ஒரு வைப்புத்தொகை. அதன் மதிப்பு இவ்வாண்டு எவ்வளவு கூடும்? மரத்தை விற்ற பணத்துக்கு வரும் வட்டியையும், கிழமரம் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அடுத்த நடவு தள்ளிப்போகும் இழப்பையும் சேர்த்தால் எவ்வளவு? முதல் தொகை இரண்டாவதைவிடக் குறையும்போது வெட்ட வேண்டும். வட்டியின் வலிமை இங்கே தெரிகிறது. நூறு ஆண்டுக்குப் பின் கிடைக்கும் 100 தாலரின் இன்றைய மதிப்பு 3% வட்டியில் 5 தாலருக்குச் சற்று அதிகம். 5% வட்டியிலோ ஒரு தாலர்கூட இல்லை. எனவே வட்டி உயர்ந்தால் மரம் இளமையிலேயே விழும்.

தாரந்த் வனவியல் பள்ளிப் பேராசிரியர் மாக்ஸ் பிரெஸ்லர் இக்கொள்கையைத் தீவிரமாகப் பரப்பினார். காட்டை வட்டிக்கடைக் கணக்கில் அடக்கக் கூடாது, ஆண்டு நிகர வருவாய் உச்சமாவதே போதும் என்றது எதிரணி. இப்பூசல் பல தலைமுறை நீடித்தது. இதற்கிடையே, விரைந்து வளரும் ஸ்புரூஸ் மரம் மட்டுமே வரிசையாக நிற்கும் காடுகள் ஜெர்மனியில் பெருகின.

ஜெர்மனிக்கு வெளியே பொருளியலாளர் பலர் ஃபாஸ்ட்மானை அறியவில்லை. இர்விங் ஃபிஷர் போன்ற பெரியவரே ஒரு நடவோடு கணக்கை முடித்துக்கொண்டார். பால் சாமுவேல்சன் 1976இல் எழுதிய கட்டுரைதான் ஃபாஸ்ட்மானின் விடையே சரி என்பதை நிலைநாட்டியது.

கார்பன் நுழைகிறது

அதே ஆண்டில் ரிச்சர்ட் ஹார்ட்மன், வெட்டப்படாத காடும் பயன் தருகிறது, அதையும் வரவில் வைக்க வேண்டும் என்று வாய்பாட்டை விரித்தார். 1995இல் ஃபான் கூட்டன், பிங்க்லி, டெல்கோர்ட் ஆகியோர் அந்த இடத்தில் கார்பனை வைத்தனர். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஒரு கன மீட்டர் ஸ்புரூஸ் மரத்தில் அடங்கியிருப்பது சுமார் 700 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மரம் வளரும் ஒவ்வோர் ஆண்டும் உரிமையாளருக்கு மானியம். வெட்டும்போது, வீட்டு உத்தரம் போல நெடுங்காலம் நிலைக்கும் பங்கு போக, வெளியேறும் கார்பனுக்கு வரி. இதுவே அவர்கள் போட்ட ஏற்பாடு. இதன்படி வெட்டும் வயது பெரும்பாலும் ஓரளவே தள்ளிப்போகிறது. கார்பன் விலை மிக உயர்ந்தால் மட்டும் வெட்டாமலே விடுவது மேலாகலாம்.

2008இல் நியூசிலாந்து இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1989க்குப் பின் உருவான காடுகள் சேர்க்கும் கார்பனுக்கு அலகுகள் தரப்பட்டன. வெட்டினால் திருப்பித் தர வேண்டியிருந்தது. ஆட்டு மேய்ச்சல் நிலங்கள் பைன் தோப்பாகின்றன என்ற உழவர்களின் குறை அங்கு இன்றும் அரசியல் பிரச்சினை.

ஆபத்தும் ஒரு வட்டி

இக்கணக்குகள் மரம் உறுதியாக வளரும் என்று கொள்கின்றன. வில்லியம் ரீட் 1984இல் காட்டுத்தீயை அதில் சேர்த்தபோது, ஆபத்தும் வட்டி போலவே வேலை செய்வது தெரிந்தது. ஆண்டுக்கு 1% எரியும் வாய்ப்பு இருந்தால் 3% வட்டி 4% போல நடந்துகொள்ளும். அதாவது, கார்பன் விலை காத்திரு என்கிறது, ஆபத்து சீக்கிரம் வெட்டு என்கிறது.

2018 முதல் தொடர்ந்த வறட்சியில் பட்டை வண்டுகள் பெருகி, ஹார்ஸ் மலைப்பகுதியின் ஸ்புரூஸ் காடுகளைப் பெருமளவு கொன்றன. ஜெர்மனியின் தேசியக் காட்டுக் கணக்கெடுப்பின்படி, 2017க்கும் 2022க்கும் இடையே அந்நாட்டுக் காடுகளின் கார்பன் இருப்பு கூடவில்லை, குறைந்தது. இப்போது அங்கே ஸ்புரூஸுக்குப் பதில் பீச், ஓக் உள்ளிட்ட கலப்பு மரங்களை வளர்க்கின்றனர். ஓக் முற்ற நூறாண்டுக்கு மேல் ஆகும். ஃபாஸ்ட்மானின் வட்டியில் இந்த நடவுக்குக் கணக்கு எளிதில் கட்டுப்படியாகாது. செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது.