ஆய்வகத்துக்கு லாயக்கில்லாதவள்

கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை பாராதைராய்டு ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் சேர்க்கும். சுரப்பு அளவு மீறினால் எலும்பு தேயும், சிறுநீரகத்தில் கல் சேரும், அசதி ஓயாது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம், அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு. உடம்பெல்லாம் வலி என்று சொல்லும் நடுவயதுப் பெண்ணுக்கு ‘எல்லாம் மனசுதான்’ என்ற பதில் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்பதை நாம் அறிவோம். அவள் சொல்லுக்குச் சாட்சியாக ஓர் எண் தேவைப்பட்டது. ஆனால் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இந்த ஹார்மோன், ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் பங்குகளில் சில பத்துதான்.

அதை அளக்க வழி கண்டவர்களில் ஒருவர் ரோசலின் யாலோ. 1941இல் இயற்பியல் பட்டம் பெற்றபோது அவருக்குக் கிடைத்தது ஒரு விஞ்ஞானியிடம் செயலாளர் வேலை. சுருக்கெழுத்து கற்க வேண்டும் என்பது நிபந்தனை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் சுருக்கெழுத்துப் புத்தகங்களைக் கிழித்துப் போட்டார். அங்கே பொறியியல் கல்லூரியின் 400 ஆசிரியர்களிடையே அவர் ஒருவரே பெண். ஒரு செய்முறைப் பாடத்தில் மட்டும் மதிப்பெண் இம்மி குறைந்தது. பெண்களுக்கு ஆய்வக வேலை வராது என்பது இதனால் உறுதியாகிறது என்றார் துறைத் தலைவர்.

பின்னர் நியூயார்க்கின் பிராங்க்ஸில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், துப்புரவுப் பொருட்கள் வைக்கும் அறை ஒன்று அவருடைய ஆய்வகமாயிற்று. 1950இல் மருத்துவர் சாலமன் பெர்சன் வந்து சேர்ந்தார். இருவரும் முதலில் இன்சுலினை அளந்தார்கள். ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் குழாயில் அளவாக இடுவார்கள். நோயாளியின் ஹார்மோனும் கதிரியக்க அயோடின் ஏற்றிய ஹார்மோனும் அதில் இடம்பிடிக்கப் போட்டியிடும். நோயாளியுடையது எவ்வளவு அதிகமோ, கதிரியக்கம் ஏறியது அவ்வளவு வெளியே தள்ளப்படும். தள்ளப்பட்டதைக் கருவியில் எண்ணினால் விடை தெரியும்.

1963இல், ஆர்பாக், பாட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து இதே முறையில் பாராதைராய்டு ஹார்மோனையும் அளந்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். ஒரே ரத்த மாதிரிகளை வெவ்வேறு எதிர்ப்பொருள்களால் சோதித்தால் முடிவு ஒத்துப்போகவில்லை. கைப்பிழை என்று ஒதுக்க எளிதாக இருந்திருக்கும். அவர்கள் ஒதுக்கவில்லை. ரத்தத்தில் ஓடுவது ஒரே வடிவமல்ல என்று 1968இல் எழுதினார்கள்; ஹார்மோன் துண்டுகளும் அதில் கலந்திருக்கின்றன. சிறுநீரகம் பழுதானவர்களிடம் இத்துண்டுகள் தேங்கும். முழு ஹார்மோனை மட்டும் எப்படி அளப்பது என்று அடுத்த தலைமுறை ஆய்வகங்கள் தேடிப் போனது இதனால்தான். ஆய்வகம் வராத பெண்ணின் வேலை இது.

1972இல் பெர்சன் இறந்தார். மூளை அவருடையது, யாலோ கூடமாட உழைத்தவர் என்ற பேச்சு எழுந்தது. யாலோ தன் ஆய்வகத்துக்குப் பெர்சன் பெயரையே வைத்தார், இனி வரும் கட்டுரைகளிலும் அந்தப் பெயர் இருக்கட்டும் என்று. ஒரு பெண் இத்தனை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று எனக்குள் உறுத்தல் உண்டு. அவருக்கு அது விட்டுக்கொடுத்தலாகத் தெரியவில்லை போலும். தொடர்ந்து வேலை செய்தார். 1977இல் நோபல் பரிசில் பாதி அவருக்கு வந்தது. மருத்துவத்தில் அதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர். முதல்வரான கெர்ட்டி கோரி பெற்று 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.