புதுக்கோட்டைக் கலாசாலையிற் புகுந்த முதற் பெண்மணி

ஒரு கலாசாலையின் பெருமையை அதன் கட்டடங்கொண்டு மதிப்பிடுதல் உலகவழக்கு. நாமோ, அது யாருக்குக் கதவு திறந்தது என்பதைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும் என்போம்.

1948ஆம் வருடம் இந்திய யூனியனோடு இணையும்வரை, நம் ஆலங்குடி புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் மூன்று தாலூகாக்களுள் ஒன்று. திருமயமும் குளத்தூரும் மற்றை இரண்டு. தலைநகரில் விளங்கிய மகாராஜா கலாசாலை, இன்று மாமன்னர் கல்லூரி எனப்படுவது, அரசாங்கப் பொக்கிஷத்தால் நடந்ததாகலின், நம் குடியானவர் செலுத்திய தீர்வைக்கும் அதிற் பங்குண்டு.

1886இல் புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி, மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறி அக்கலாசாலையில் இடம் வேண்டினார். தந்தையார் நாராயணசாமி ஐயர் அங்கே பிரின்ஸிபாலாக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். பெண்ணாய்ப் பிறந்தமை ஒரு தடை. தாய்மரபு மற்றொரு தடை. ஒரு பெண் வந்தமர்ந்தால் பிள்ளைகள் கெடுவர் என்று ஊரார் கூச்சலிட்டனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவற்றைச் செவியிற் கொள்ளாது, இடமளித்ததோடு உபகாரச் சம்பளமும் அளித்தார். ஆண்மக்கள் நிறைந்த அக்கலாசாலையில் அவர் ஒருவரே பெண்.

பிள்ளைகள் கெட்டனரோ? இல்லை. நாடு ஒரு மருத்துவரைப் பெற்றது. 1907இல் சென்னை வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்து 1912இற் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையின் உபதலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி 1947இற் சட்டமாய் முடிந்தது. அடையாற்றுப் புற்றுநோய் வைத்தியசாலை 1954இல் அவரால் எழுந்தது. ஒரு கதவு திறந்ததன் பயன் இத்துணை என்க.

நிற்க. இவ்வரலாறு நமக்குக் கிட்டியது, அவ்வம்மையார் தம் சரிதத்தைத் தாமே எழுதிவைத்தமையால். அவருக்குப் பின் நம் ஆலங்குடிக் கிராமங்களினின்று கலாசாலை சென்ற முதற் பெண்கள் யாவர்? வழியில் அவர் கேட்ட ஏச்சுக்கள் எவை? அவற்றை எழுதிவைத்தார் யார்?

சகோதர சகோதரிகளே! உங்கள் பாட்டிமார், அத்தைமாருடைய பழைய சர்டிபிகேட்டுகளையும் கடிதங்களையும் படங்களையும் எடைக்குப் போட்டுவிடாதீர். அவற்றிற்குப் பிரதி எடுத்துக் கலாசாலைப் புத்தகசாலைக்குக் கொடுமின். உயிரோடிருப்போர் வாய்மொழியை உடனே எழுதிக்கொள்மின். அதனினும் முக்கியம், உங்கள் வீட்டுப் பெண்ணின் படிப்பை இடையில் நிறுத்தாதீர். அன்று மன்னர் ஒருவர் திறந்த கதவை இன்று தந்தையர் அடைத்தல் தகுமோ?