கருவிக்குத் திறந்த கஜானா

திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் செலவாவது புதிதல்ல. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல், இங்கே வானாய்வு நிலையம் எழுந்தது. கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். பின்னர் வந்த ஜான் ஆலன் புரூன், காடும் மழையும் மூடிய அகத்தியமலை உச்சியிலேயே காந்த அளவீட்டுக்கு ஒரு நிலையம் அமைத்தார். கருவிக்கும் கட்டடத்துக்கும் இயக்குநர் சம்பளத்துக்கும் இப்படித் திறந்த கஜானா, படிக்கத் துடித்த உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. பேட்டையில் 1863இல் பிறந்த பல்புவுக்கு, ஈழவர் என்பதால், திருவிதாங்கூரில் மருத்துவம் படிக்க இடம் கிடைக்கவில்லை. சென்னையில் படித்துத் திரும்பியபோது வேலையும் மறுக்கப்பட்டது. அவருக்கு வேலை தந்ததும், பிறகு மேற்படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பியதும் மைசூர் அரசு. தலித் குடும்பத்தில் பிறந்து, 1943இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழக எம்.ஏ.வில் முதலிடம் பெற்ற கே.ஆர். நாராயணன் லண்டன் போனது டாட்டா உதவித்தொகையில். யார் ஆராயலாம் என்பதை அறிவு மட்டும் முடிவு செய்வதில்லை. படிக்கும் காலத்தில் சோற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

வள்ளல்கள் இருக்க அரசு எதற்கு என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். இதே பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுக்கு வழி திறந்தது அழகப்பச் செட்டியார் தந்த ஒரு லட்ச ரூபாய். மு. இராகவையங்காரும் வையாபுரிப் பிள்ளையும் இங்கே தமிழ்த் துறையை நடத்தினார்கள். பின்னர் வ.அய். சுப்பிரமணியத்தின் மாணவர்கள் பழந்தமிழ் நூல்களுக்குச் சொல்லடைவும் மொழியியல் நோக்கில் இலக்கணமும் செய்தார்கள். ஒரு நூலின் ஒவ்வொரு சொல்லையும் பகுத்து அடுக்கும் அந்த வேலை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு மாலையில் செய்து முடிக்கக்கூடியதல்ல. சில ஆண்டுகளை முழுசாகக் கேட்பது. கொடை ஒரு பீடத்தை நிறுவும். ஆண்டுதோறும் புதிதாக வரும் மாணவரைத் தாங்க, கொடுப்பவர் மனம் மாறினாலும் நிற்காத வரவு வேண்டும். அது வரிப்பணத்தில்தான் கிடைக்கும்.

தகுதியுள்ளவருக்குத்தான் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு வழியே ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்கிறதே என்பது அடுத்த வாதம். 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய், நல்ல தொகைதான். ஆனால் ஒரு நாள் தேர்வு, அதுவரை கிடைத்த பள்ளியையும் பயிற்சியையும் சேர்த்தே அளக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கென 2005இல் ராஜீவ் காந்தி உதவித்தொகையும், சிறுபான்மையினருக்கென 2009இல் மௌலானா ஆசாத் உதவித்தொகையும் வந்தது இந்தக் குறையை உணர்ந்துதான். பின்னதை 2022இல் ஒன்றிய அரசு நிறுத்தியது. வேறு திட்டங்கள் தரும் உதவியையே அதுவும் தருகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். ஒருவரே இரண்டு தொகை வாங்குவதைத் தடுக்க ஒரு விதி போதும். வேறெந்தத் தொகையும் எட்டாதவருக்குத் திட்டத்தையே மூடியதால் ஆன நட்டத்தை எந்த விதியும் ஈடுகட்டாது.