பார்டர்ல இருக்குன்னா என்ன அர்த்தம்? 126 என்ற கோட்டின் கதை

கொஞ்சம் நீளமான த்ரெட். சுகர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இருக்கா, இல்லையா" என்று குழம்பி நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். பொறுமையா படிங்க.

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருத்தர் ஓ.பி.க்கு வந்தார். வயது 43. ஒல்லியான தேகம், தொப்பை மட்டும் லேசாக. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வெறும் வயிற்றில் 118. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 168. ஹெச்பிஏ1சி 6.2.

"பார்டர்ல இருக்குண்ணா" என்றேன். எல்லா டாக்டரும் சொல்லும் அதே வார்த்தை.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், பார்டர் எங்க தொழிலு. உடல் எங்க முடியுது, பார்டர் எங்க ஆரம்பிக்குதுன்னு நூலைத் தொட்டே காட்டிடுவேன். நீங்க காட்டுங்க பாக்கலாம். எனக்கு சுகர் இருக்கா, இல்லியா? ஒண்ணு சொல்லுங்க."

வெளியே அறுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஏதோ சொல்லி சமாளிக்கலாம் என்று நினைக்கும்போதே அடுத்ததைச் சொன்னார். "எங்கப்பாவுக்குக் காலை எடுத்தாங்க சார். தறிக்குழியில உக்காந்து மிதிக்கக் கால் வேணும்."

அன்றைக்கு அவருக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதில் இதுதான்.

சர்க்கரை நோய்க்கு இந்தக் கோடு என்பதே ரொம்பப் புதுசு. சுஸ்ருதர், சரகர் காலத்து நூல்களிலேயே இனிப்பான சிறுநீர் பற்றியும், அதில் எறும்பு மொய்ப்பது பற்றியும் இருக்கிறது. நம் சித்த மருத்துவத்தில் மதுமேகம், நீரிழிவு என்று பெயரே இருக்கிறது. 1674-ல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் நோயாளியின் சிறுநீரைச் சுவைத்துப் பார்த்து 'தேன் மாதிரி இருக்கு' என்ற பொருளில் எழுதினார். (இன்றைக்கு லேப் டெக்னீஷியனைக் குறை சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.) 1776-ல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன் அந்தச் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, மிஞ்சியது சர்க்கரைதான் என்று காட்டினார். ரத்தத்தின் நீர்ப்பகுதியும் இனிக்கிறது என்று அவர் கவனித்ததுதான் முக்கியம். அதாவது, கோளாறு சிறுநீரகத்தோடு நிற்கவில்லை, உடம்பு முழுக்க ஓடுகிறது.

ஆனால் அதற்கப்புறமும் ரொம்ப காலத்துக்கு டெஸ்ட் என்றால் சிறுநீர்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் ஒரு நீலக் கரைசலைக் கொடுத்தார். எங்க ஆயா வீட்டில் அது இருந்தது. சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர், அதில் எட்டு சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் சந்தோஷம். பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் அன்றைக்கு வீட்டில் சத்தமே இருக்காது.

அந்த நீலத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் பொதுவாக அது சிறுநீரில் இறங்கும். எங்க ஆயாவுக்கு 175 இருந்த நாளிலும் தண்ணீர் நீலமாகத்தான் இருந்திருக்கும். நம் நெசவாளரின் 118, 168 இரண்டுமே அந்தக் குழாயில் தெரிந்திருக்காது. அவருடைய அப்பா காலத்தில் 'பார்டர்' என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவே வாய்ப்பில்லை. தெரியும்போது கால் போய்விட்டிருக்கும்.

ரத்தத்திலேயே அளக்கும் வசதி பரவியதும் புதுப் பிரச்சினை. எண் கிடைத்துவிட்டது, கோட்டை எங்கே போடுவது? ஒரு ஊரில் 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்தார்கள், இன்னொரு ஊரில் 100. ஒரே ஆள் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளி, அடுத்த ஆஸ்பத்திரியில் ஆரோக்கியசாலி.

விடை வந்த இடம் யாரும் எதிர்பார்க்காதது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், ஹீலா நதிக்கரையில் வாழும் பீமா பழங்குடி மக்கள். பரம்பரையாகக் கால்வாய் வெட்டி விவசாயம் செய்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேல்பக்கம் குடியேறியவர்கள் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிக்கொள்ள, வயல் காய்ந்தது. அப்புறம் அரசாங்கம் கொடுத்த மாவு, கொழுப்பு, சர்க்கரைதான் சாப்பாடு. 1965-லிருந்து அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அவர்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை தொடர்ந்து பரிசோதித்தார்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு சர்க்கரை நோய். அப்படி ஒரு எண்ணிக்கையை உலகம் அதுவரை பார்த்ததில்லை.

'அது அவங்க ஜீன்' என்று சொல்லி முடித்துவிட முடியாது. மெக்சிகோ மலைப்பகுதியில் வாழும் பீமாக்கள் இவர்களுக்கு நெருங்கிய மரபணு உறவு. அவர்களிடம் சர்க்கரை நோய் பல மடங்கு குறைவு. அவர்கள் இன்னும் வயலில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த பீமாக்களின் ரத்த சர்க்கரை எண்களை வரைபடமாகப் போட்டபோது, ஒட்டகத்தின் முதுகு மாதிரி இரண்டு மேடு வந்தது. ஒன்று சாதாரண ஆட்கள், இன்னொன்று நோயாளிகள். நடுவில் ஒரு பள்ளம். கோடு அந்தப் பள்ளத்தில். 2 மணி நேர அளவுக்கு 200 என்ற எண்ணின் பின்னணியில் இதுவும் உண்டு. 1979-ல் அமெரிக்க நிபுணர் குழு வெறும் வயிற்றுக்கு 140 என்றும், 2 மணி நேரத்துக்கு 200 என்றும் வகுத்தது. 140-க்கும் 200-க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் தனிப் பெயர் வந்தது. நோயாளியும் இல்லை, நார்மலும் இல்லை.

நம்ம நெசவாளர் அந்தப் பள்ளத்தில் நிற்கிறார்.

1997-ல் மறுபடி கூடிப் பேசினார்கள். இந்த முறை கேள்வி வேறு: எந்த அளவுக்கு மேல் உடம்பு கெட ஆரம்பிக்கிறது? அதைக் கண்ணில் தேடினார்கள். விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை வெளியிலிருந்தே பார்க்கலாம், வேறெங்கும் அவ்வளவு சுலபமில்லை. பீமா மக்கள், எகிப்தியர்கள், அமெரிக்கப் பொதுமக்கள் என்று மூன்று கூட்டத்தின் கண்களையும் சர்க்கரை அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஓர் அளவு வரை விழித்திரைப் பாதிப்பு தரையோடு தரையாக இருக்கிறது, அப்புறம் சட்டென்று ஏறுகிறது. அந்த ஏற்றத்தையும், 2 மணி நேர 200-க்கு எது பொருந்துகிறது என்பதையும் வைத்து 140-ஐ 126 ஆக இறக்கினார்கள். 1996-ல் 130 இருந்த ஒருத்தர், ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடாமலே அடுத்த வருடம் நோயாளி. 2003-ல் பார்டரின் கீழ்க்கோட்டையும் அமெரிக்கர்கள் 110-லிருந்து 100-க்கு இறக்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் 110-லேயே நின்றது. அதனால்தான் 104 வந்தால் ஒரு டாக்டர் எச்சரிப்பார், இன்னொருவர் 'ஒண்ணுமில்ல' என்பார். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஆக, அந்த 126 கண்ணை வைத்துப் போட்ட கோடு. கண்ணை நம்பித் தொழில் செய்கிற ஊர் இது. இழை அறுந்தால் விரலால் தேடி, கண்ணால் பிடித்து முடிச்சுப் போடுகிறவர்கள். தறிக்குழிக்குள் மிதிக்கட்டையைப் பார்க்காமலே உணர்ந்து மிதிக்கும் பாதம். கண், விரல், பாதம். சர்க்கரை நோய் பிடிக்கும் இடங்களும் அவைதான்.

இனி நம்ம ஊர்க் கதை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1940-களின் இறுதியிலேயே சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் தொடங்கியவர் பேராசிரியர் எம். விஸ்வநாதன். பிறகு ராயபுரத்தில் அவர் உருவாக்கிய மையத்தில் பணியாற்றியவர் டாக்டர் ஏ. ராமச்சந்திரன். இவர் குழு வருடக்கணக்காக வீடு வீடாகக் கணக்கெடுத்தது. 1980-களின் இறுதியில் சென்னை நகரப் பெரியவர்களில் 8.2 சதவீதம், கிராமத்தில் 2.4. 'இது பட்டணத்து வியாதி' என்ற நம்பிக்கை சரிதான் போலிருந்தது.

2008-ல் அதே குழு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. ஒரு மாநகரம், ஒரு சிறுநகரம், நகரை ஒட்டிய கிராமங்கள் என மூன்றையும் ஒப்பிட்டார்கள். மாநகரம் சென்னை. கிராமங்கள் பண்ருட்டிப் பக்கம். சிறுநகரம் எது தெரியுமா? நம்ம காஞ்சிபுரம்தான். சென்னை 18.6 சதவீதம், காஞ்சிபுரம் 16.4, கிராமங்கள் 9.2. நமக்கும் பட்டணத்துக்கும் நடுவில் இருந்த தூரம் கிட்டத்தட்ட காலி. இதை முதல் தடவை படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வரதராஜ பெருமாள் கோயில், பட்டு, குடலை இட்லி என்று ஊரைப் பற்றிப் பெருமை பேசுவோம், இந்த 16.4 எங்கேயும் பேச்சில் வராது.

பார்டரில் இருப்பவர்களுக்கு அவர்கள் செய்த ஆய்வு இன்னும் முக்கியம். 2006-ல் வந்தது. நம்ம நெசவாளர் மாதிரியே 140-க்கும் 200-க்கும் நடுவில் இருந்த 531 பேர். நாலு குழு. ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொன்றுக்கு நடை, சாப்பாட்டு மாற்றம். மூன்றாவதுக்கு மெட்ஃபார்மின், அதுவும் 250 மி.கி. இரண்டு வேளை மட்டும். நாலாவதுக்கு இரண்டுமே.

சும்மா விட்ட குழுவில் மூன்றே வருடத்தில் 100-க்கு 55 பேர் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற ஆய்வில் இது சுமார் 29. நமக்கு பார்டர் என்பது அங்கே மாதிரி அகலமான வரப்பு இல்லை. மாற்றம் செய்த குழுக்களில் 55 என்பது 39, 40 ஆகக் குறைந்தது. நடை, சாப்பாட்டோடு மாத்திரையும் சேர்த்தபோது கூடுதல் லாபம் எதுவும் கிடைக்கவில்லை. இன்னொன்று: நடைக் குழுவில் எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் நோய் குறைந்தது. 'ரெண்டு மாசம் நடந்தேன், ஒரு கிலோகூட இறங்கல, விட்டுட்டேன்' என்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாம் செய்தும் 39 பேருக்கு வந்தது. வந்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. சர்க்கரை வந்த ஒவ்வொருவரையும் 'வாயைக் கட்டல' என்று திட்டும் பழக்கம் எங்களிடமும் உண்டு, உங்கள் வீட்டிலும் உண்டு.

ஒல்லியான ஆளுக்கு ஏன் வருகிறது என்பதற்கு ஒரு புகைப்படம் போதும். புனே மருத்துவர் யாக்னிக், பிரிட்டன் மருத்துவர் யுட்கின் இருவரும் பக்கத்தில் நின்று எடுத்த படம், 2004-ல் லான்செட் இதழில் வந்தது. உயரம், எடைக் கணக்கு இருவருக்கும் அச்சு அசல் ஒன்று, 22.3. உடம்புக் கொழுப்பு? பிரிட்டிஷ்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2.

நெசவாளர் கேட்டார்: "நாள் பூரா கையும் காலும் ஆடுது சார், இதுக்கு மேல என்னா வாக்கிங்?" நியாயமான கேள்வி. ஆனால் தறியில் உட்கார்ந்த உடம்பு உட்கார்ந்தபடிதான் இருக்கிறது. தொடைத் தசை நடையில் செலவழிக்கும் சர்க்கரையை மிதிக்கட்டையில் அவ்வளவு செலவழிப்பதில்லை. கூடவே தறிப்பக்கத்திலேயே வந்து சேரும் ஏழெட்டு டீ. டீயை இரண்டாகக் குறைத்து, சர்க்கரை இல்லாமல். தினம் அரை மணி நடை. தட்டில் சோறு பாதியாகி, காய், சுண்டல் கூட வேண்டும். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னேன்.

நாலு மாதம் கழித்து வந்தார். 109.

"இன்னும் பார்டர்தானா சார்?"

"பார்டர்தாண்ணா. ஆனா உடல் பக்கமா நவுந்திருக்கீங்க." சிரித்தார்.

கூட அவர் வீட்டம்மா வந்திருந்தார். கோர்வை நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்டர் நாடாவைத் தள்ளுவது அவர்தான். அது தவிர வீட்டுத் தார் சுற்றும் வேலை முழுக்க அவருடையது. "உங்களுக்கு டெஸ்ட் எடுத்தீங்களாக்கா?" என்றேன்.

"எனக்கு எதுக்கு சார். சின்னவன் வயித்துல இருக்கறப்போ குளுக்கோஸ் தண்ணி குடுத்துப் பாத்தாங்க, சுகர் இருக்குன்னாங்க. பொறந்ததும் சரியாயிடுச்சு. அதுக்கப்புறம் பாக்கல." சின்னவனுக்கு வயது 12.

அந்தக் குளுக்கோஸ் தண்ணீருக்குப் பின்னாலும் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். டாக்டர் வி. சேஷய்யா. 1978-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோய்த் துறையைத் தொடங்கியவர். சாப்பிட்டு வந்தாலும் வராவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ், 2 மணி நேரம் கழித்து ஒரே ஊசி, 140 தாண்டினால் கவனம் என்று எளிமையாக்கினார். பேருந்து பிடித்து வரும் கர்ப்பிணிகள் பட்டினியாக வந்து காத்திருக்க வேண்டாம் என்ற யோசனை. தமிழ்நாடு அரசு 2007-ல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்துபோன பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். குழந்தை பிறந்த ஆறாவது வாரம் ஒருமுறை, பிறகு வருடா வருடம் பார்க்க வேண்டும். நாம் குழந்தைக்குத் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைக்கிறோம், அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

அன்றைக்கே எடுக்கச் சொன்னேன். வெறும் வயிற்றில்தான் வந்திருந்தார், காலையிலிருந்து வேலை, சாப்பிட நேரமில்லை. 163. உறுதிப்படுத்த ஹெச்பிஏ1சி எடுத்தோம், 8.1.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தார். "இவருக்குன்னு தானே வந்தோம்" என்றார் மெதுவாக.

மெட்ஃபார்மின் எழுதினேன். மாத்திரை தீர்ந்தால் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் என்று சொன்னேன். கால்களைத் தொட்டுப் பார்த்தேன், உணர்ச்சி நன்றாக இருந்தது. கண் ஓ.பி.க்குச் சீட்டு எழுதும்போது நெசவாளர் கேட்டார்.

"கண்ணுக்கு எதுக்கு சார்? நல்லாத்தான் தெரியுது அவளுக்கு. ராத்திரி லைட்டுல கூட இழை எடுப்பா."

அதான்ணா, அதுக்குத்தான் என்றேன்.