விடியற்காலை வானொலியும் ஒரு பொஹீமியக் கலைஞரும்

ஏற்காட்டு மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் திருச்சி வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, ஒலிபரப்பு தொடங்குமுன் வரும் அந்த முகப்பு இசை மறக்காது. தம்பூரா சுருதியின் மேல் வயலின் இழையும்; சிவரஞ்சனியின் ஏக்கம் அதில் இருக்கும். 1936-இல் அதை அமைத்தவராக அறியப்படும் வால்டர் காஃப்மன், அன்றைய பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டின் கார்ல்ஸ்பாட் நகரில் 1907-இல் பிறந்த யூதர்.

அவர் வளர்ந்த செக் இசை மரபைப் புரிந்துகொள்ள உக்ரைனுக்குப் போக வேண்டும். அங்கே பார்வையற்ற பாடகர்கள் கோப்சா என்னும் நரம்புக்கருவியை மீட்டி, கோசாக் வீரர்களின் கதைகளை ஊர் ஊராகப் பாடினார்கள். நம் பக்கத்தில் உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடக் கேட்டவர்களுக்கு அந்தச் சூழல் அந்நியமாக இராது. அந்த உக்ரைனியப் பாடலுக்குப் பெயர் டூமா. அதிலிருந்து வந்த ‘டும்கா’ வடிவத்தை செக் இசைமேதை அந்தோனின் டுவோர்ஷாக் கையிலெடுத்தார். ஏக்கத்தில் ஆழ்ந்திருக்கும்போதே சட்டென்று துள்ளலுக்குத் தாவும் இசை அது. பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமாக ஆறு டும்காக்களைக் கோத்து அவர் எழுதிய ‘டும்கி’, 1891 ஏப்ரல் 11 அன்று பிராக் நகரில் அரங்கேறியது. அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்த வேளை. பியானோவில் அவரே அமர்ந்தார்.

அதே பிராகில் படித்த காஃப்மனோ, தன் ஆய்வு வழிகாட்டி நாஜி ஆதரவாளர் என்று அறிந்ததும் டாக்டர் பட்டமே வேண்டாம் என்றார். 1934-இல் பம்பாய் வந்தார். சில மாதங்களிலேயே பம்பாய் அறையிசை (சேம்பர் மியூசிக்) சங்கம் பிறந்தது. வயலினில் இசை நடத்துநர் சுபின் மேத்தாவின் தந்தை மெஹ்லி மேத்தா, செல்லோவில் எதிஜியோ வெர்கா, பியானோவில் காஃப்மன். வாரந்தோறும் வாசித்தார்கள். மூன்றே ஆண்டுகளில் கச்சேரிகள் 100-ஐத் தாண்டின.

இந்திய இசைத்தட்டுகளை முதலில் கேட்டபோது காஃப்மனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோடிப்பேர் நேசிக்கும் இசை தனக்கு எட்டவில்லையென்றால் குறை தன்னிடம்தான் என்று முடிவுகட்டிக் கற்கத் தொடங்கினார். அவரிடம் நான் மிகவும் மதிப்பது இந்தப் பணிவைத்தான். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவைக் கவனித்தார். டுவோர்ஷாக்குக்கு டும்கா வாய்த்ததுபோல் இவருக்கு ராகம் வாய்த்தது. 1976-இல் அவர் வெளியிட்ட தென்னிந்திய ராகங்கள் பற்றிய நூல், நம் 72 மேளகர்த்தாக்களின் அடியில் ராகங்களைத் திரட்டித் தருகிறது. 1984-இல் அமெரிக்காவில் காலமானார். அவருடைய அறையிசைக்கென்று ஓர் இசைத்தட்டு வர 2020 ஆயிற்று, டொராண்டோவின் ஏ.ஆர்.சி. குழுவினர் வாசித்தார்கள்.

(தொடரும்)