கிராமபோனின் குரல்வளையும் ஓர் இறப்பர் வளையமும்

பழைய கிராமபோன் ஒன்று பழுதடைந்துவிட்டால் எல்லோருடைய கவனமும் அதன் சுருள்வில்லின் மீதும் பெரிய புனலின் மீதுமே செல்கிறது. ஆனால் குரலைப் பிறப்பிப்பவை இவை இரண்டுமல்ல. ஊசியைத் தாங்கி நிற்கும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய வட்டமான ஒலிப்பெட்டியே அக்கருவியின் குரல்வளை. சவுண்ட் பொக்ஸ் என்று நம்மவர்கள் அழைத்ததும் இதனைத்தான். அதனைச் சீர்செய்பவர் ஒரு கருவியை மட்டுமன்றி ஒரு வரலாற்றுச் சான்றையும் கையாளுகிறார்.

1877இல் தோமஸ் அல்வா எடிசன் உருவாக்கிய போனோகிராப்பில், வெள்ளீயத்தாள் சுற்றப்பட்ட உருளையில் ஊசி மேலும் கீழுமாக அசைந்து ஒலியைப் பதித்தது. 1887இல் எமில் பெர்லினர் காப்புரிமை கோரிய கிராமபோனில் ஊசி பக்கவாட்டில் அசைந்தது. நாமறிந்த இசைத்தட்டு இந்த இரண்டாவது வழியிலேயே வளர்ந்தது. அமெரிக்காவின் கம்டன் நகரில் எல்ட்ரிட்ஜ் ஜோன்சன் இக்கருவியை மேம்படுத்தி, 1901இல் விக்டர் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அக்காலத்து ஒலிப்பெட்டியின் அமைப்பு மிக எளிமையானது. தட்டின் பள்ளத்தில் ஊசி அசைய, அதனுடன் இணைந்த சிறு நெம்புகோல் மெல்லிய மைக்காத் தகட்டின் நடுப்பகுதியை அதிரச் செய்கிறது. தகட்டின் விளிம்பை இருபுறமும் இறப்பர் வளையங்கள் தாங்கி நிற்கின்றன. தகட்டின் அதிர்வு காற்றில் கலந்து புனல் வழியே பாடலாக வெளிவருகிறது.

காலம் முதலில் தாக்குவது அந்த இறப்பரையே. பல ஆண்டுகளில் அது கல்லைப்போல் இறுகிவிடுகிறது. தகடு சுதந்திரமாக அதிர முடியாமல் ஒலி கரகரக்கிறது. ஊசியும் வளைந்து கொடுக்காமல் தட்டின் பள்ளத்தை அரித்துவிடுகிறது. ஆகவே, சீர்செய்யாத ஒலிப்பெட்டியால் அரிய தட்டொன்றை இசைக்கச் செய்வது அதனை அழிப்பதற்கு ஒப்பாகும்.

சீர்செய்யும் முறையில் பொறுமையே முதன்மையானது. இறுகிய வளையங்களை அகற்றி, அதே தடிப்புள்ள மென்மையான இறப்பர்க் குழாயை அளந்து வெட்டி, இரு முனைகளும் இடைவெளியின்றியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் பொருந்துமாறு வைக்க வேண்டும். நெம்புகோல் தகட்டை இழுக்கவோ தள்ளவோ கூடாது. அதன் திருகுகள் தளர்ந்தால் இரைச்சல் எழும். இறுகினால் குரல் மெலியும். நடுத்துளையில் காற்று கசியாதிருக்க ஒரு துளி தேன்மெழுகு போதும். துத்தநாகக் கலப்புலோகத்தில் வார்க்கப்பட்ட பெட்டிகள் காலப்போக்கில் வீங்கி வெடிக்கும் தன்மையுடையவை. அவற்றைப் பலவந்தமாகத் திறத்தல் ஆகாது. உருக்கு ஊசியைத் தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக மாற்ற வேண்டும்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். வெடித்த மைக்காவுக்குப் பதிலாக அலுமினியத் தகட்டைப் பொருத்தலாமா? 1925இல் மின்னொலிப்பதிவு அறிமுகமானபோது, அதற்கேற்ப அலுமினியத் தகடு கொண்ட ஒலிப்பெட்டிகளும் வந்தன. அதற்கு முந்திய தட்டுகளோ ஒலிவாங்கி இல்லாமல், பாடகர் புனலுக்குள் பாடிப் பதிவானவை. 1902இல் லண்டன் கிராமபோன் நிறுவனத்துக்காகக் கல்கத்தா வந்த பிரெட் கெய்ஸ்பர்க், கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்ததும் இம்முறையில்தான். பாடலின் முடிவில் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்ததை இன்றும் கேட்க முடிகிறது. அன்றைய வீடுகளில் அக்குரலைக் கேட்டவர்கள் மைக்காவின் வழியாகவே கேட்டார்கள். தகட்டை மாற்றினால் ஒலி தெளிவாகத் தோன்றலாம். ஆனால் அது அவர்கள் கேட்ட ஒலியாகாது.

எதையும் மாற்றக்கூடாது என்பதல்ல இதன் பொருள். இறப்பரை மாற்றாமல் குரல் மீளாது. ஆனால் எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி, கழற்றிய பாகங்களுடன் சேர்த்து வைப்பது நம் கடமை. அடுத்த தலைமுறையில் அப்பெட்டியைத் திறப்பவருக்கு அந்தத் தாளே வழிகாட்டி. பழைய குரல்களைக் காப்பவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்வதற்கு இந்தச் சிறு நேர்மையாவது வேண்டாமா?