கொண்டைக்குருவியின் பிறந்த ஊர்

விடியற்காலையில் முருங்கை மரத்தில் குரல் கொடுக்கும் கொண்டைக்குருவியைப் பார்க்காத புதுச்சேரிக்காரர் இருக்க மாட்டார். கருப்புத் தலை, சின்னக் கொண்டை, பழுப்பு உடம்பில் செதில் செதிலாகக் கோடு, வாலடியில் குங்குமம் அப்பியது போல ஒரு சிவப்பு. பழம், பூச்சி எல்லாம் தின்னும். தொட்டிச் செடியில்கூடக் கிண்ணம் போலக் கூடு கட்டும்.

இதன் அறிவியல் பெயர் பிக்னோனோட்டஸ் காஃபெர். காஃபெர் என்றால் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது என்று பொருள். அந்த நாட்டுக்கும் இந்தப் பறவைக்கும் பிறப்பால் சம்பந்தமே இல்லை!

1760-ல் பிரிசோன் என்ற பிரெஞ்சுக்காரர் தமக்குக் கிடைத்த ஒரு பறவையை நன்னம்பிக்கை முனையில் பிடித்தது என்று நம்பி, 'மெர்ல் உப்பே து கப் த போன் எஸ்பெரான்ஸ்' என்று எழுதிவைத்தார். பிரெஞ்சில் படித்த எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. லின்னேயஸ் 1766-ல் அதை நம்பியே லத்தீன் பெயர் வைத்தார். பழைய கோப்பைப் பார்த்து நகல் எடுக்கும் வேலை குமாஸ்தாக்களுக்குத் தெரியாததா?

பிற்பாடு பிறந்த இடம் இலங்கை என்றார்கள். ஷ்ட்ரெசமான் என்ற ஜெர்மானியர் 1952-ல்தான் புதுச்சேரி என்று நிர்ணயித்தார். ஆனாலும் பெயரை மாற்ற முடியாதாம், முதலில் வைத்ததே செல்லும் என்பது விலங்கியல் விதி. நம் எத்தா சிவில் பதிவேட்டிலாவது ஓரத்தில் திருத்தம் எழுத இடமுண்டு. போதாக்குறைக்கு, காஃபெர் என்ற சொல் இன்று தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசவு. நம் ஊர்ப் பறவை அதைச் சுமப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மைனாவின் கதையும் இதேதான். அதை முதலில் பிலிப்பைன்ஸ் பறவை என்று பதிந்து, பிறகு புதுச்சேரி என்று திருத்தினார்கள். அதன் லத்தீன் பெயருக்கு 'சோகமானது' என்று அர்த்தம், அந்த வாயாடிக்கு!